கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி: நம்ம பள்ளி வெப்சைட் பற்றி டீச்சர் எழுதுவது



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி படியுங்கள். ஆனால் படிக்காமல் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். யார் படித்தீர்கள், யார் படிக்கவில்லை என்று கமெண்ட்டைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். முப்பத்தெட்டு வருடம் நோட்டு திருத்தியவள் நான்.

போன வாரம் பழைய மாணவர் குழுவிலிருந்து மூன்று பேர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நம்ம பள்ளிக்கு ஒரு வெப்சைட் செய்யப் போகிறார்களாம். அறுபதாயிரம் ரூபாய் வசூல் ஆகிவிட்டதாம். லேப்டாப்பில் மாதிரி ஒன்று காட்டினார்கள். திறந்ததும் நாதஸ்வரம் வாசித்தது. சிதம்பரம் கோபுரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மிதந்து போனது. மஞ்சள் பின்னணியில் தங்க நிற எழுத்து. நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் கீழே ரயில் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. என் பெயரும் ஓடியது. படிப்பதற்குள் போய்விட்டது.

"டீச்சர், முதல் பக்கத்துல உங்க வாழ்த்துரைதான். நாலு வரி எழுதிக் கொடுங்க" என்றார்கள். "நாலு நாள் டைம் கொடுங்கப்பா" என்று சொல்லி காபி கொடுத்து அனுப்பினேன்.

வாழ்த்துரை எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. ஏன் வரவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். வந்த பிள்ளைகள் வருத்தப்பட வேண்டாம். உங்கள் பாசத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. அந்த வெப்சைட்டில்தான் எனக்குக் குறை தெரிகிறது.

*

முதலில் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

1990களின் தொடக்கம். சிதம்பரம் பக்கம் கிள்ளைக்கு அருகே ஒரு கிராமத்துப் பள்ளியில் அப்போது வேலை பார்த்தேன். நாலாம் வகுப்பில் ஒரு பையன். வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான். வாய்ப்பாடு தலைகீழாக வரும். ஆனால் கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுவான். நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன் தெரியுமா? "போர்டைப் பார்த்து எழுதுடா, அவன் நோட்டுல என்ன இருக்கு?" என்று இரண்டு முறை வெளியே நிற்க வைத்திருக்கிறேன்.

அவனுக்குப் போர்டு தெரியவில்லை. அது எனக்குத் தெரிய அரை வருடம் ஆனது. ஒரு நாள் சாயங்காலம் மழை இருட்டில் வகுப்பு வாசற்படி தெரியாமல் தடுக்கி விழுந்தான். அப்போதுதான் சந்தேகம் வந்து, அவன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொன்னேன். மாலைக்கண் என்று நினைத்தது வேறு நோயாக இருந்தது. இருபது வயதுக்குள் பார்வை முழுக்கப் போய்விட்டது. ஆனாலும் படித்தான். இன்று அரசு வேலையில் இருக்கிறான். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவி, எனக்கு வாட்ஸ்அப்பில் என்னைவிட வேகமாகப் பதில் போடுவான்.

போன மே மாதம் நாம் எல்லாரும் கூடிய விழாவுக்கு அவன் வரவில்லை. "ஏண்டா வரல?" என்று கேட்டேன். "ரிஜிஸ்டர் பண்ணணும்னு லிங்க் அனுப்பினாங்க டீச்சர். திறந்தா என் ஃபோன் 'எடிட் பாக்ஸ், எடிட் பாக்ஸ், எடிட் பாக்ஸ்'னு மட்டும் சொல்லுச்சு. எதுல பேரு, எதுல வருஷம்னே தெரியல. எப்படியோ நிரப்பினேன். கடைசியில படத்துல இருக்கிற எழுத்தைப் பார்த்து அடிங்கன்னு வந்துச்சு. அதோட விட்டுட்டேன்" என்றான்.

வேறு யாரிடமாவது நிரப்பித் தரச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். "பக்கத்துல இருக்கறவன் நோட்டைப் பார்த்து எழுதக் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்று சிரித்தான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

நம்ம பிள்ளைகள், நம்ம விழாவுக்குச் செய்த படிவம் அது. முப்பது வருடத்துக்கு முன்னால் நான் செய்த தப்பை அது அப்படியே திரும்பச் செய்துவிட்டது. இதனால்தான் வாழ்த்துரை வரவில்லை.

*

எனக்குக் கம்ப்யூட்டர் பாஷை தெரியாது. சியாட்டிலில் இருக்கிற என் அண்ணன் மகன் இந்த வேலையில்தான் இருக்கிறான். நாலு ராத்திரி வீடியோ காலில் அவனை உட்கார வைத்துக் கேட்டேன். அவன் ஒவ்வொரு விதியாகச் சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியம். "இது எனக்கு முன்னாடியே தெரியும்டா" என்றேன். "எப்படி அத்தை?" என்றான்.

1978-லிருந்து இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். அங்கே கரும்பலகையில் எழுதுவதற்கு என்றே தனிப் பயிற்சி உண்டு, அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. எங்கள் விரிவுரையாளர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். "இங்கே தெரியுதா பார்க்கிறேன், எழுது" என்பார். சிவப்பு சாக்பீஸில் எழுதினால் மதிப்பெண் குறையும், கருப்பில் சிவப்பு தூரத்துக்குத் தெரியாது. வலது மூலையில் தேதி. மேலே நடுவில் பாடத் தலைப்பு. அதன் கீழே உட்தலைப்பு. போர்டை மறைத்து நிற்கக் கூடாது. எழுதியதை வாயாலும் படிக்க வேண்டும், ஏனென்றால் பார்க்க முடியாதவனுக்குக் காது உண்டு. படம் வரைந்தால் கீழே இது என்ன படம் என்று எழுத வேண்டும்.

வெப்சைட்டுக்கும் உலகம் முழுக்க இதே விதிகள்தான். பெயர்தான் வேறு.

இணையத்தில் பக்கங்களை ஒன்றோடொன்று கோக்கும் இந்த முறையை டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் 1989-ல் ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆராய்ச்சி மையத்தில் முன்வைத்தார். 1991-ல் அவர் வெளியிட்ட முதல் பக்கம் வெறும் எழுத்தும் இணைப்பும்தான். அதை இன்றைக்கும் திறந்து படிக்கலாம். அவரே 1994-ல் டபிள்யூ3சி என்ற அமைப்பைத் தொடங்கினார். எந்தக் கம்பெனி செய்த கம்ப்யூட்டரிலும் பக்கம் ஒரே மாதிரி திறக்க வேண்டும் என்று தர விதிகள் வகுப்பது அதன் வேலை. எல்லாருக்கும் எட்டும்படி பக்கம் அமைப்பது எப்படி என்று 1999-ல் அந்த அமைப்பு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதற்குச் சுருக்கமாக டபிள்யூ.சி.ஏ.ஜி. என்று பெயர். 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு வரை அதைத் திருத்தித் திருத்திக் கொண்டுவருகிறார்கள்.

அதன் அடிப்படை நாலே நாலு. பக்கத்தில் இருப்பது கண்ணுக்கோ காதுக்கோ விரலுக்கோ ஏதாவது ஒரு வழியில் எட்ட வேண்டும். மவுஸ் இல்லாமலும் இயக்க முடிய வேண்டும். படித்தால் புரிய வேண்டும். பழைய கருவி, புதுக் கருவி எதில் திறந்தாலும் உடையாமல் இருக்க வேண்டும்.

சிவப்பு சாக்பீஸ் விஷயத்தை அவர்கள் கணக்காகவே போட்டு வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 இருக்க வேண்டும். வெள்ளையில் கருப்பு எழுதினால் 21-க்கு 1. வெள்ளையில் மஞ்சள் எழுதினால் ஒன்றைத் தாண்டி ஏதோ துளி. நம்ம மாதிரியில் இருந்த மஞ்சள் மேல் தங்க நிறத்தை அண்ணன் மகன் கணக்குப் போட்டுப் பார்த்தான். இரண்டைக்கூட எட்டவில்லை. அறுபது வயதுக்கு மேல் கண்புரை தொடங்கியவர்கள் நம்ம சொந்தத்திலேயே எத்தனை பேர்? வெயிலில் நின்று ஃபோன் பார்க்கும் ஆட்டோ ஓட்டுகிற நம்ம பையன்கள் எத்தனை பேர்? அவர்கள் எல்லாரும் கடைசி பெஞ்ச்தான்.

நாதஸ்வரத்துக்கும் விதி உண்டு. தானாக ஒலிக்கும் சத்தம் மூன்று விநாடிக்கு மேல் போனால் நிறுத்துவதற்கு வழி இருக்க வேண்டும். கண் தெரியாதவர்கள் ஃபோன் படித்துக் காட்டுவதைக் கேட்டுத்தான் புழங்குகிறார்கள். மேலே நாதஸ்வரம் வாசித்தால் அவர்களுக்குக் காதும் அடைத்துப் போகும். அதே மாதிரி, தானாக நகர்வது எதுவும் ஐந்து விநாடிக்கு மேல் நகர்ந்தால் நிறுத்த முடிய வேண்டும். எனவே ரயில் மாதிரி ஓடும் பெயர்களை நிறுத்தி வைத்துவிடுங்கள். நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் ஒரு இடத்தில் நின்றால்தான் அவர்களுக்கும் மரியாதை.

*

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம் நாட்டிலும் இருக்கிறது. அரசு இணையதளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று தேசிய தகவலியல் மையம் 2009-லேயே வழிகாட்டி வெளியிட்டது. அதன் மூன்றாம் பதிப்பு 2023-ல் வந்தது. மாவட்டத் தளங்களுக்கு என்று ஒரு பொது அச்சே செய்து வைத்திருக்கிறார்கள். நம்ம கடலூர் மாவட்டத் தளமும் அந்த வகைதான். திறந்து மேலே பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்க, நிறத்தை மாற்ற, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற என்று பொத்தான்கள் இருக்கும். அது அலங்காரம் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

2016-ல் வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவலும் தொடர்பும் அவர்களுக்கு எட்ட வேண்டும் என்கிறது. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 2.68 கோடி மாற்றுத் திறனாளிகள். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கு. வங்கிக் கணக்குக்கு ஆன்லைனில் அடையாளம் சரிபார்க்கும்போது கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொன்னார்கள். சிமிட்ட இமை இல்லாதவர் என்ன செய்வார்? டிஜிட்டல் வசதிகள் எட்டுவது என்பது வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று நீதிமன்றம் சொன்னது.

நம்ம சங்கத்தின் மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் கோர்ட்டுக்குப் பயந்து செய்கிற வேலையா இது?

*

இனி தமிழுக்கு வருகிறேன். இங்கேதான் நாம் அதிகம் கோட்டை விடுகிறோம்.

2003 வாக்கில் சிதம்பரம் மேல வீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்காக நான் எழுதிய முப்பது சின்னக் கதைகளை டைப் அடித்து சி.டி.யில் போட்டு வைத்தேன். மணிக்கு இருபது ரூபாய். இப்போது திறந்தால் ஒரு எழுத்து தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக என்னவோ இருக்கிறது. அன்றைக்கு ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் தனித்தனி முறை வைத்திருந்தார்கள். அந்த எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் தமிழ் இல்லை. பத்திரிகைத் தளங்கள்கூட ஒவ்வொன்றும் ஒரு எழுத்துருவை இறக்கச் சொல்லும்.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழை இணையத்தில் ஏற்றினார். அவரும் ஒரு ஆசிரியர்தான். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி தமிழ்99 விசைப்பலகையை வகுத்தது. பிறகு உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே எண் என்ற யூனிகோடு முறை நிலைத்தது. 2010-ல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயம் தமிழக அரசும் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. இன்று நீங்கள் ஃபோனில் அடிக்கிற தமிழ், அமெரிக்காவில் இருப்பவனுக்கும் அப்படியே தெரிகிறது என்றால் காரணம் இதுதான். தர விதி என்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்று எனக்கு அந்த சி.டி.யைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் மதுரைத் திட்டம். 1998 பொங்கல் அன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருக்கும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகம் முழுக்க இருக்கும் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழைய நூல்களை டைப் அடித்து ஏற்றினார்கள். யூனிகோடு வந்ததும் அதற்கு மாறினார்கள். அந்தத் தளத்தில் மிதக்கிற கோபுரம் எதுவும் கிடையாது. நூல் பட்டியலும் நூலும்தான். கால் நூற்றாண்டு கடந்தும் திறக்கிறது, தேடினால் கிடைக்கிறது, என் பழைய மாணவனின் ஃபோன் அதைப் படித்தும் காட்டுகிறது. நம்ம பள்ளித் தளம் அந்த மாதிரி இருந்தால் எனக்குப் போதும்.

நம்ம மாதிரியில் என்ன செய்திருக்கிறார்கள்? பள்ளி வரலாறு முழுவதையும் அழகான எழுத்துருவில் அடித்து, படமாக மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். படத்துக்குள் இருக்கும் தமிழைத் தேடினால் அகப்படாது. பெரிதாக்கினால் மங்கும். கண் தெரியாதவர் ஃபோன் அதை "இமேஜ்" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகும். எழுத்தை எழுத்தாகவே போடுங்கள். படம் போட்டால் அதற்கு மாற்று உரை என்று ஒன்று எழுத இடம் உண்டு. "1987 ஆண்டு விழாவில் கோலாட்டம் ஆடும் ஐந்தாம் வகுப்பு மாணவிகள்" என்று ஒரு வரி. படத்தின் கீழே பெயர் எழுதச் சொன்னேனே, அதேதான்.

இன்னொன்று, இந்தப் பக்கம் தமிழ் என்று பக்கத்தின் உள்ளேயே ஒரு குறிப்பு கொடுக்க வேண்டுமாம். கொடுக்காவிட்டால் படித்துக் காட்டும் மென்பொருள் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்கப் பார்த்து உளறும். செய்பவருக்கு ஒரு நிமிட வேலை. கேட்பவருக்கு அதுதான் எல்லாம். கம்ப்யூட்டரில் அப்படிப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளை 2006-ல் தொடங்கியவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கண் தெரியாத இரண்டு இளைஞர்கள். அது தமிழும் படிக்கும். கண் தெரியாதவர்கள் தங்கள் பங்கைச் செய்து முடித்துவிட்டார்கள். நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான் பாக்கி.

தலைப்புகளுக்கும் இதே கதை. எழுத்தைப் பெரிதாகக் கறுப்பாகப் போட்டால் கண்ணுக்குத் தலைப்பு. ஆனால் தலைப்பு என்று குறியிட்டால்தான் கருவிக்கும் தலைப்பு. குறியிட்டால் அவன் ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவிப் போவான். இல்லாவிட்டால் முதலிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் கேட்டுத் தீர வேண்டும். "இங்கே கிளிக் செய்யவும்" என்று ஒன்பது இடத்தில் போட்டிருக்கிறார்கள். எதைக் கிளிக் செய்தால் எங்கே போகும்? "1990 முதல் 2000 வரை படித்தவர்கள் பட்டியல்" என்று அந்த இணைப்பிலேயே எழுதிவிட்டால் என்ன?

படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். இரண்டும் கட்டாயம். நம்மில் யாருக்கு இருக்கிறது கடைசிப் பெயர்? இனிஷியலை எங்கே போடுவது? கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறின பெண் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வெளிநாட்டு அச்சை அப்படியே எடுத்தால் இப்படித்தான். உலகத்தில் பெயர் வைக்கும் வழக்கங்கள் பலவிதம் என்று டபிள்யூ3சி அமைப்பே விளக்கி எழுதி வைத்திருக்கிறதாம். "முழுப் பெயர்" என்று ஒரே கட்டம் போடுங்கள். "பள்ளியில் இருந்த பெயர்" என்று இன்னொன்று, விருப்பம் இருந்தால் நிரப்ப.

*

அடுத்தது எடை. முதல் பக்கத்தில் இருபது ஃபோட்டோ, ஃபோனில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். ஒன்று 4 எம்.பி. இருபதுக்கு 80 எம்.பி. நம்ம ஐந்தாம் வகுப்புக் கணக்குதான், போட்டுப் பாருங்கள். விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகம் கிடைக்கிற இடத்தில், ஒரு பைட்டுக்கு எட்டு பிட், 640 விநாடி. பத்து நிமிடத்துக்கு மேல். பிச்சாவரம், பரங்கிப்பேட்டைப் பக்கம் சில இடங்களில் மழை பெய்தால் அந்த வேகமும் கிடையாது. ஒரு படத்தை 150 கே.பி.க்குள் சுருக்கினால் இருபதும் சேர்ந்து 3 எம்.பி. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

வேகம் என்ன பெரிய விஷயம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து நம்ம கடலூரின் கரையோரப் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. கரண்ட் இல்லை. ஃபோனில் ஒரு கோடு, அரைக் கோடு சிக்னல். அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றியது, எந்தெந்த இடத்தில் தங்கலாம் என்ற பட்டியல். என் தங்கை குடும்பத்துக்கு அந்தப் படம் திறக்கவே முக்கால் மணி நேரம். திறந்து, நனைந்துகொண்டு குழந்தையோடு அங்கே போனால் கல்யாண மண்டபம் பூட்டியிருக்கிறது. அது 2015 வெள்ளத்தில் யாரோ செய்த படம். தேதி இல்லை. யார் அனுப்பியது என்றும் இல்லை. நல்ல வேளை, பக்கத்துத் தெருக்காரர்கள் மாடியில் இடம் கொடுத்தார்கள்.

அதே பட்டியல் பத்து வரி எழுத்தாக, மேலே தேதியோடு வந்திருந்தால் நொடியில் திறந்திருக்கும், பழையது என்றும் தெரிந்திருக்கும். வலது மூலையில் தேதி எழுத மறந்தால் பயிற்சியில் மதிப்பெண் குறைத்தார்கள். இதற்குப் போய் குறைக்கிறார்களே என்று அன்றைக்கு முணுமுணுத்திருக்கிறேன்.

நம்ம தளத்திலும் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாகத் திருத்திய தேதியும், யாரைக் கேட்கலாம் என்பதும் இருக்க வேண்டும். நாளைக்கு இன்னொரு வெள்ளம் வந்தால் நம்ம பிள்ளைகள் அந்தத் தளத்தைத்தான் திறப்பார்கள்.

*

இனி கட்டி முடித்த பிறகு.

வீடு கட்டுவது பெரிசில்லை, வருடா வருடம் ஓடு மாற்றுவதுதான் பெரிசு. தளத்தின் பெயருக்கு வருடம் தோறும் பணம் கட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த வேறு ஒரு பள்ளிக்குப் பிள்ளைகள் ஆசையாகச் செய்தார்கள். பெயர் ஒருத்தர் சொந்த மெயிலில் பதிவு. அவர் வெளிநாடு போனார், யாரும் பணம் கட்டவில்லை. அந்தப் பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். இன்று திறந்தால் சூதாட்ட விளம்பரம். பள்ளி பெயரில் சூதாட்டம்! அறுபதாயிரத்தையும் இப்போதே செலவு செய்யாதீர்கள். இருபதாயிரத்தில் எளிமையாகச் செய்யுங்கள், மீதியை அடுத்த பத்து வருடத்துக்கு வையுங்கள். சாவி மூன்று பேரிடம் இருக்கட்டும். தளத்துக்கு வேண்டிய பாதுகாப்புச் சான்றிதழ் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. அது இல்லாமல் யாரிடமும் ஃபோன் நம்பர் கேட்காதீர்கள்.

ஃபோன் நம்பர் என்றதும் இன்னொன்று. மாதிரியில் எல்லாருடைய பெயர், நம்பர், ஊர், வேலை எல்லாம் பொதுவில் இருக்கிறது. இப்போது படிக்கும் பிள்ளைகள் படமும் பெயரோடு இருக்கிறது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் விஷயத்தில் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டம் கிடக்கட்டும். என் வகுப்புப் பெண் பிள்ளையின் நம்பரை உலகத்துக்கே ஒட்டி வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? கேட்டுவிட்டுப் போடுங்கள். வேண்டாம் என்றால் எடுங்கள்.

*

வந்த பிள்ளைகளில் ஒருவன் சொன்னான்: "இதெல்லாம் பார்த்தா சைட் ரொம்ப சாதாரணமா இருக்கும் டீச்சர். ஆயிரத்துல ஒருத்தருக்காக எல்லாரும் பார்க்கிற அழகைக் குறைக்கணுமா?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல படம், நல்ல நிறம், போதுமான இடைவெளி எல்லாம் இருக்கட்டும். ஆனால் அந்த ஒருத்தருக்காகச் செய்வது மற்ற எல்லாருக்கும் உதவுகிறதே. பெரிய எழுத்து எனக்கு உதவுகிறது. எடை குறைந்த பக்கம் கிள்ளைக்காரனுக்கு உதவுகிறது. சரியான தலைப்பு இருந்தால் கூகுளில் தேடுபவருக்கும் சுலபமாக அகப்படும். போர்டில் பெரிதாக எழுதியதால் முதல் பெஞ்ச் பிள்ளைக்கு என்றைக்காவது நஷ்டம் வந்திருக்கிறதா?

இன்னொருத்தி, "ஃபேஸ்புக் குரூப் போதாதா டீச்சர்?" என்றாள். குரூப்பில் போன வருடம் போட்டதை இன்று தேடி எடுத்துக் காட்டு பார்ப்போம். இந்தப் பதிவே பத்து நாளில் கீழே போய்விடும். பேசுவதற்குக் குரூப், பத்திரப்படுத்தத் தளம். இரண்டும் வேண்டும்.

*

ஆகவே என் நிபந்தனைகள்:

1. எழுத்து எல்லாம் யூனிகோடு எழுத்தாக. படமாக அல்ல.
2. கண்ணுக்குத் தெளிவான நிறம். தானாக ஒலிப்பது, ஓடுவது எதுவும் வேண்டாம்.
3. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கம்.
4. படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர். படத்தைப் பார்த்து எழுத்து அடிக்கும் சோதனை வேண்டாம், வேறு வழி இருக்கிறதாம்.
5. முதல் பக்கம் மொத்தம் 3 எம்.பி.க்குள். சின்ன ஃபோனில் முதலில் சரிபாருங்கள், பெரிய லேப்டாப்பில் பிறகு.
6. மவுஸைத் தொடாமல், விசைப்பலகையில் டேப் விசையை மட்டும் தட்டி எல்லா இடத்துக்கும் போக முடிய வேண்டும்.
7. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, பொறுப்பாளர் விவரம்.
8. யார் விவரமும் கேட்காமல் போடக் கூடாது.

இது எல்லாம் முடிந்ததும் என்னிடம் கொண்டு வர வேண்டாம். சிதம்பரத்தில் இருக்கிற அந்தப் பையனிடம் கொண்டு போங்கள். அவன் ஃபோனை எடுத்துத் தனியாக, யார் உதவியும் இல்லாமல் திறந்து, தன் பெயரைப் பதிவு செய்யட்டும். பக்கத்தில் நிற்கலாம், சொல்லித் தரக் கூடாது. பயிற்சியில் எங்கள் விரிவுரையாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி அவன் உட்காருவான். நான் கேட்டேன், சம்மதித்துவிட்டான். "மார்க் போடலாமா டீச்சர்?" என்று வேறு கேட்கிறான்.

அவன் சரி என்று சொன்ன அன்று என் வாழ்த்துரை வரும். என் பங்கு ஐந்தாயிரமும் வரும்.

குறை சொல்லியே பழக்கப்பட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பள்ளியை மறக்காமல் பணம் சேர்த்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிழவி வீடு தேடி வந்தீர்களே, அது யாருக்கு வாய்க்கும்? கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற என் மாணவர்கள் இதைப் படித்தால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் இந்தப் பிள்ளைகளுக்கு உதவுங்கள். நான் சொன்னதில் தப்பு இருந்தால் கமெண்ட்டில் திருத்துங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சாப்பிட்டீர்களா எல்லாரும்? மழைக்காலம், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்